பதக்கம் தந்த பெயரும் வாக்குச்சாவடி கேட்ட கணக்கும்: ஒரு பேட்மிண்டன் சாம்பியனின் அரசியல் நுழைவு – நிகழ்வு ஆய்வு

எதற்காக எழுதுகிறேன்

பேட்மிண்டனில் தேசிய அளவில் பட்டம் வென்ற ஒருவர் அரசு வேலையை விட்டுவிட்டுச் சட்டமன்றத் தேர்தலில் நின்றார், தோற்றார், அடுத்த முறை வென்றார், உறுப்பினராக வேலை பார்த்தார். நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். அவர் ஆடிய அதே அரங்கில் பல வருடம் பயிற்சி எடுத்தவன் நான். பிறகு அவருடைய இரண்டு தேர்தல்களிலும் காகித வேலை முழுவதையும் பார்த்தவன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆள், ஊர், கட்சி எதையும் சொல்லவில்லை.

விளையாட்டு வீரர்கள் அரசியலுக்கு வருவது புதிதில்லை. ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 2004-ல் தங்கம் வென்ற தவ்ஃபிக் ஹிதாயத் 2024-ல் இந்தோனேசியாவின் இளைஞர் நலன், விளையாட்டுத் துறைத் துணை அமைச்சரானார். நம் சாய்னா நேவால் 2020 ஜனவரியில் ஒரு தேசியக் கட்சியில் சேர்ந்தார். பி.டி. உஷா 2022-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். இப்படிப் பெரிய பெயர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். உலகம் முழுக்கத் தெரியாத, ஆனால் தன் மாநிலத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாம்பியன் தேர்தலில் நிற்கும்போது என்னவெல்லாம் நடக்கும் என்பதை யாரும் விவரமாக எழுதி நான் பார்த்ததில்லை.

பின்னணி: கோர்ட்டில் கழிந்த வருடங்கள்

அந்தச் சாம்பியனை நான் அக்கா என்றுதான் அழைப்பேன். அக்கா ஆடக் கற்றுக்கொண்டது சிமெண்ட் தரையில். அப்போது பழைய பாயிண்ட் முறை. சர்வீஸ் நம் கையில் இருந்தால்தான் பாயிண்ட், பெண்கள் ஒற்றையரில் ஒரு கேமுக்கு 11. ஒரே பாயிண்டுக்கு சர்வீஸ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பத்து முறை மாறும், ஸ்கோர் மட்டும் நகராது. அந்த முறைக்கென்றே பிறந்தவர் மாதிரி ஆடுவார். அவசரப்பட்டு ஸ்மாஷ் அடிக்க மாட்டார், பின்கோட்டுக்கும் வலைக்குமாக எதிராளியை ஓடவிட்டுக் களைக்க வைத்து, கடைசியில் எதிராளியே வலையில் அடித்துவிட்டுத் தலையைக் குனிய வைப்பார். மாநிலப் பட்டங்கள், அப்புறம் தேசியப் பட்டம், சில வருடம் இந்திய அணி.

2001-ல் புல்லேலா கோபிசந்த் ஆல் இங்கிலாந்து பேட்மிண்டன் பட்டம் வென்றதும் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து ஷட்டில் கோர்ட்டுக்கு அழைத்து வர ஆரம்பித்தார்கள். 1980-ல் பிரகாஷ் படுகோனுக்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டாவது ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டம் அது. அந்த அலையில் அக்காவின் பெயரும் பள்ளிக்கூடங்கள் வரை போய்ச் சேர்ந்தது. சுமார் பதினைந்து வருடம் கழித்துக் கட்சிக்காரர்கள் அவரைத் தேடி வந்ததற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

முழங்காலும் வேலையும்

வலது கை ஆட்டக்காரருக்கு பேக்ஹேண்ட் பக்கத்துப் பின்மூலையில் ஷட்டில் விழும்போது, தலைக்கு மேலே கையைச் சுற்றி எடுத்து அடித்துவிட்டு இடது காலில் தரையிறங்க வேண்டியிருக்கும். பேட்மிண்டனில் முழங்கால் தசைநார் கிழிவது பெரும்பாலும் இப்படித்தான். அக்காவுக்கும் அந்த மூலையில் அந்தக் காலில்தான் கிழிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து திரும்பி வந்த சமயம், 2006-ல், எல்லாப் பிரிவுக்கும் 21 பாயிண்ட் முறை வந்துவிட்டது. யார் சர்வீஸ் போட்டாலும், ஷட்டில் விழுந்து முடிகிற ஒவ்வொரு ராலிக்கும் பாயிண்ட். பொறுமையை நம்பி ஆடியவர், பாதி பலமுள்ள காலோடு அந்த வேகத்தைப் பிடிக்க முடியாமல் ஒரு சீசனுக்குப் பிறகு ஓய்வு பெற்றார்.

கையில் இருந்தது ரயில்வே வேலை. 1990-களின் இறுதியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்தது. நம் நாட்டில் ஒரு வீரரின் குடும்பம் நிமிர்ந்து நிற்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட வேலையால்தான், அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். மாலை நேரத்தில் அவர் உள்ளாட்சியிடமிருந்து சலுகைக் குத்தகைக்கு எடுத்த ஓர் இடத்தில் அகாடமி நடத்தினார். பாதிப் பேர் கட்டணம் கட்டினார்கள், மீதிப் பேருக்கு இலவசம்.

கட்சி அழைத்தபோது

தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு பெரிய கட்சியிலிருந்து கேட்டார்கள். தொகுதியில் அவர்களுக்குள்ளேயே இரண்டு கோஷ்டி, யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர் கவிழ்ப்பார், அதனால் வெளியிலிருந்து நல்ல பெயருள்ள ஒருவர் தேவைப்பட்டார். இதை அவர்கள் ஒளிக்கவில்லை, நேராகவே சொன்னார்கள்.

இங்கேதான் முதல் பெரிய முடிவு. ரயில்வே ஊழியர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது, சட்டமன்றத்துக்கோ உள்ளாட்சிக்கோ போட்டியிடவும் கூடாது என்று 1966-ம் வருடத்து நடத்தை விதிகள் சொல்கின்றன. அதற்கும் மேலே, அரசியலமைப்பின் 191-வது பிரிவுப்படி அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினராகத் தகுதியற்றவர். ஆகவே வேலையை விட்டே ஆக வேண்டும். ஆனால் 20 வருட சர்வீஸ் முடிந்திருந்தால் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வில் ஓய்வூதியத்தோடு வெளியே வரலாம். அவருக்கு முடிந்திருந்தது 18. ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த சர்வீஸ் ஓய்வூதியக் கணக்கில் இல்லாமல் போய்விடும்.

வீட்டில் அன்று இரவு நடந்த பேச்சில் நானும் இருந்தேன். அவர் கணவர், "இன்னும் ரெண்டு வருஷம்தான், அடுத்த தேர்தல்ல நில்லு" என்றார். அக்கா சொன்ன காரணம் எளிமையானது: அடுத்த தேர்தல் ஐந்து வருடம் கழித்துத்தான் வரும், அதற்குள் புதிதாக வேறொரு சாம்பியன் வந்திருப்பார், அப்போது யாருக்கும் என் ஞாபகம் இருக்காது. பெண்களுக்கு சீட் கொடுப்பதே அபூர்வம், கொடுக்கும்போது வேண்டாம் என்றால் திரும்பக் கேட்க மாட்டார்கள். ராஜினாமா எழுதினார்.

அது அவசர முடிவு என்றுதான் எனக்கு அன்றும் பட்டது, இன்றும் படுகிறது. ஓய்வூதியம் போனது மட்டும் காரணமில்லை. 18 வருடம் கட்சிப் பக்கமே போகக் கூடாத வேலையில் இருந்தவர், ராஜினாமா ஏற்கப்பட்ட பிறகுதான் உறுப்பினர் அட்டை வாங்க முடிந்தது. அட்டை வாங்கிய வாரத்திலேயே வேட்பாளர். வீரருக்குச் சோறு போடும் அதே வேலை, அவர் அரசியலைக் கீழிருந்து கற்றுக்கொள்ளும் வழியையும் அடைத்து வைக்கிறது. அதனால்தான் நம் விளையாட்டு வீரர்கள் பெரும்பாலும் நேராக உச்சியில் வந்து இறங்குகிறார்கள். இந்த ஆய்வில் பிறகு வரும் சிக்கல்கள் பலவற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு போனால் இங்கேதான் வந்து நிற்கும்.

வேட்புமனுவும் பரிசீலனை நாளும்

தகுதியின்மை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது மனுப் பரிசீலனை நாளை வைத்துத்தான். ராஜினாமாக் கடிதம் கொடுத்தோம் என்பது போதாது, அது ஏற்கப்பட்டிருக்க வேண்டும், பணியிலிருந்து விடுவித்த உத்தரவும் கையில் இருக்க வேண்டும். விடுவிப்பு உத்தரவு பரிசீலனைக்கு நான்கு நாள் முன்னால் வந்தது. வராமல் போயிருந்தால் ஓய்வூதியமும் போய், போட்டியிடும் வாய்ப்பும் போயிருக்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கடந்த பத்து வருடத்தில் அரசுக் குடியிருப்பில் இருந்தவர் என்றால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி எதிலும் பாக்கி இல்லை என்ற சான்றும் பிரமாணப் பத்திரத்தோடு போக வேண்டும். அக்கா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவர். நான்கு சான்றையும் ஒரு நீல பிளாஸ்டிக் கவரில் வரிசையாக அடுக்கி, மேலே விடுவிப்பு உத்தரவின் அசலை வைத்திருந்தேன்.

பரிசீலனை அன்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, வேட்பாளர் இன்னும் அரசு ஊழியர்தான் என்று ஆட்சேபணை சொன்னார். தேர்தல் நடத்தும் அலுவலர் கவரை வாங்கி, உத்தரவின் தேதியை விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டு முறை படித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் காட்டிவிட்டு, "ஏற்கப்படுகிறது" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா வெளியே வந்து தண்ணீர் கேட்டார், டம்ளர் பிடித்த கை நடுங்கியது. தேசிய இறுதிப் போட்டிக்கு முன்னால்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

பிரசாரத்தில் கண்டது

கூட்டத்துக்குக் குறைவே இல்லை. போகிற இடமெல்லாம் பையன்கள் ராக்கெட்டை நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள், செல்ஃபி எடுத்தார்கள், திறந்த வேனிலிருந்து ஷட்டிலை அடித்துக் கூட்டத்துக்குள் போடச் சொன்னார்கள். பேச்சிலும் நாட்டுக்காக ஆடியது, விடாமுயற்சி, கடைசி பாயிண்ட் வரை போராட்டம் என்று அதே விஷயம்தான். மூன்றாவது நாள் ஒரு தெருமுனையில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பாட்டி கேட்டார்: "ஏம்மா, கப்பு வாங்குனதெல்லாம் சந்தோசந்தான். எங்க தெருக் குழாய்ல பத்து நாளைக்கு ஒருக்காதான் தண்ணி வருது, அதுக்கு என்ன பண்ணுவ?" அக்காவிடம் பதில் இல்லை. அந்தத் தெருவுக்கு எந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது என்பதுகூட எங்கள் யாருக்கும் தெரியாது.

சீட் கிடைக்காத உள்ளூர் நிர்வாகி ஒருவர் தினமும் வந்து வணக்கம் சொல்வார், வேனில் கூடவே நிற்பார், ஆனால் அவருடைய ஆட்கள் யாரும் வீடு வீடாகப் போகவில்லை. இதை நாங்கள் பார்த்தோம், கேட்கத் தயங்கினோம். வாக்குப்பதிவு அன்று காலையில் பல சாவடிகளில் எங்கள் பூத் ஏஜெண்ட் நாற்காலி காலியாக இருந்தது.

செலவுக் கணக்கில் மட்டும் குறை வைக்கவில்லை. அப்போது பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 28 லட்சம் ரூபாய். தனி வங்கிக் கணக்கு, தினசரிப் பதிவேடு, முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு ஒப்படைப்பு, எல்லாம் ஒழுங்காக நடந்தது.

தோல்வியும் படிவம் 20-ம்

இரண்டாம் இடம். டெபாசிட் போகவில்லை, அதற்கு ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் போதும், அதைவிட நிறையவே வாங்கியிருந்தார். ஆனால் கூட்டத்தைப் பார்த்து எல்லோரும் வெற்றி என்றே நம்பியிருந்ததால் அடி பலமாக விழுந்தது. கட்சி அலுவலகத்திலிருந்து அந்த வாரம் ஒருவரும் அழைக்கவில்லை.

அவர் ஆடிய காலத்தில் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஒரு நோட்டு எழுதுவார்: எந்த மூலையில் எத்தனை பாயிண்ட் போனது, எந்த நேரத்தில் கால் தளர்ந்தது. இப்போதும் அதையேதான் செய்தார். சாவடி வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்று சொல்லும் படிவம் 20 பொதுவில் கிடைக்கும் ஆவணம். அதை அச்செடுத்து, இருநூற்றுக்கும் மேற்பட்ட சாவடிகளை நான்கு நாள் உட்கார்ந்து நிறம் பூசினோம். தெரிந்தது இரண்டு. செல்ஃபி கூட்டம் அதிகமாக இருந்த நகர்ப்புற வார்டுகளில் வாக்கு குறைவு, வந்த பிள்ளைகளில் பலருக்கு வாக்களிக்கும் வயதே ஆகவில்லை. ஏஜெண்ட் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த சாவடிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் நாங்கள் முன்னால் இருந்தோம். அந்தத் தாள் எங்கள் எல்லோருடைய வாயையும் அடைத்துவிட்டது.

இடைப்பட்ட ஐந்து வருடம்

திரும்பப் பயிற்சியாளராகப் போய்விடலாம், தனியார் அகாடமிகளிலிருந்து அழைப்பும் இருந்தது. அவர் தொகுதியில் தங்குவது என்று முடிவெடுத்தார். இதுதான் அவருடைய அரசியல் வாழ்க்கையில் எடுத்த மிகச் சரியான முடிவு என்பேன். இந்த முறை பதவி எதுவும் கேட்காமல், ஒன்றிய அளவில் சாதாரண உறுப்பினராகவே வேலை பார்த்தார்.

வாக்காளர் பட்டியல் திருத்த முகாம் நடக்கும் நாட்களில் பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். மேட்ச் நோட்டு எழுதிய அதே கையால் மனு எண், தேதி, எந்த அதிகாரியிடம் இருக்கிறது, அடுத்து எப்போது கேட்க வேண்டும் என்று எழுதினார். அந்தப் பாட்டியின் தெருவுக்கு வரும் குழாயில் வால்வு எங்கே இருக்கிறது, யார் திறக்கிறார், மேட்டுத் தெருவுக்கு ஏன் அழுத்தம் போதவில்லை என்பதெல்லாம் இரண்டாம் வருடத்தில் அவருக்கு மனப்பாடம். தண்ணீர் முழுவதும் சரியாகிவிடவில்லை, பத்து நாள் நான்கு நாளானது.

ஒதுங்கி நின்ற நிர்வாகியின் வீட்டுக்கு ஒரு மாலை நேரில் போனார். "அண்ணே, உங்க இடத்துல நான் வந்து உக்காந்தது உங்களுக்கு வருத்தமாத்தான் இருந்திருக்கும்" என்று அவரே ஆரம்பித்தார். உள்ளாட்சித் தேர்தலில் அந்த நிர்வாகிக்காகத் தெருத் தெருவாக வாக்குக் கேட்டார். அடுத்த சட்டமன்றத் தேர்தலில் அவர்தான் அக்காவின் தலைமை முகவர்.

அகாடமி விஷயம் கடினமானது. முதல் தேர்தலிலேயே, அரசு நிலத்தைச் சலுகையில் வாங்கிப் பணக்காரப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குகிறார் என்று எதிர்த்தரப்பு துண்டறிக்கை போட்டிருந்தது. குத்தகையில் சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. ஆனாலும் ஒரு பக்கம் உள்ளாட்சியிடம் சலுகை வாங்கிக்கொண்டு இன்னொரு பக்கம் அதே உள்ளாட்சியைக் கேள்வி கேட்கிற அரசியல்வாதியாக இருக்க முடியாது என்று சொல்லிக் குத்தகையை ஒப்படைத்துவிட்டார். உடன் இருந்த பயிற்சியாளர்கள் வேறு இடத்தில் வாடகைக்கு அரங்கு பிடித்தார்கள். அந்த வாடகையில் இலவசப் பிள்ளைகள் எல்லோரையும் வைத்துக்கொள்ள முடியவில்லை. மாநில அளவுக்கு வந்திருக்கக்கூடிய ஒரு பெண் அந்த மாற்றத்தில் விளையாட்டையே விட்டுவிட்டாள். முடிவு சரிதான், அதற்கான விலையை அக்காவைவிட அந்தப் பிள்ளைகள்தான் அதிகம் கொடுத்தார்கள்.

வெற்றிக்குப் பின்: ஓர் அரங்கின் வரைபடம்

இரண்டாவது தேர்தலில் சிறிய வித்தியாசத்தில் வென்றார். இந்த முறை ஏஜெண்ட் இல்லாத சாவடி ஒன்றுகூட இல்லை.

தொகுதிக்கு ஓர் உள்விளையாட்டரங்கு அறிவிக்கப்பட்டபோது, வரைபடத்தை மேசையில் விரித்த பொறியாளரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "கூரை உயரம் எவ்வளவு சார்?" என்பது. உத்தரம் தாழ்வாக இருந்தது. உயரமாகத் தூக்கி அடித்த ஷட்டில் உத்தரத்தில் பட்டால் ஆட்டமே இல்லை, நல்ல போட்டி நடத்த வேண்டுமென்றால் கோர்ட்டுக்கு மேலே 9 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். அடுத்து, கோர்ட்டின் இரண்டு முனைச் சுவர்களிலும் வரிசையாகப் பெரிய ஜன்னல்கள். வெளிச்சத்துக்கு நல்லதுதான், ஆனால் ஐந்து கிராம் எடையுள்ள வெள்ளை இறகுப் பந்தை அந்த ஒளிக்கு எதிராகக் கண்ணால் பிடிக்கவே முடியாது. மூன்றாவது, சிமெண்ட் மேல் டைல்ஸ். அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் இடது முழங்காலைத் தட்டி, "இது சிமெண்ட் தரையில ஆடுன கால் சார்" என்றார். தரை மரப்பலகையானது, அதன் மேல் விரிப்பு. ஜன்னல் பக்கச் சுவர்களுக்குப் போனது. கூரை உயர்ந்தது.

வேலை ஒரு வருடத்துக்கு மேல் தாமதமானது, செலவும் கூடியது, தன் விளையாட்டுக்காக மட்டும் கட்டுகிறார் என்ற பேச்சு வந்தது. கபடி ஆடுகிறவர்கள் வந்து வருத்தப்பட்டார்கள். அவர்களுடைய கபடி விரிப்பை விரித்துச் சுருட்டிக்கொள்ள வசதியாக நேரம் பிரித்துக் கொடுத்ததில் பாதி வருத்தம்தான் தீர்ந்தது. கட்டுவதற்கு முன்பே அவர்களையும் அந்த மேசைக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று அக்காவே ஒரு கூட்டத்தில் சொன்னார்.

சங்கத் தலைவர் பதவி

வென்ற சில மாதங்களில் மாநில அளவிலான சங்கப் பொறுப்புக்கு வரச் சொன்னார்கள். இந்தியாவில் அரசியல்வாதிகள் விளையாட்டுச் சங்கங்களுக்குத் தலைவராக இருப்பது வழக்கம்தான். ஹிமந்த பிஸ்வா சர்மா 2017-ல் இந்திய பேட்மிண்டன் சங்கத் தலைவரானார், 2021-ல் அசாம் முதல்வரும் ஆனார். அக்காவுக்கு அவர்களைவிடத் தகுதி அதிகம், அவர் ஆடியவர். இருந்தும் மறுத்தார். மாநில அணித் தேர்வுக்கு வருகிற பிள்ளைகளில் சிலர் அவருடைய பழைய மாணவர்கள். அவர்களில் ஒருவர் தேர்வானாலும் பேச்சு வரும், பேச்சுக்குப் பயந்து ஒருவர் விடுபட்டாலும் அநியாயம். பதவியில் இல்லாமலேயே, வீரர்களுக்கு நிர்வாகக் குழுவில் இடம் வேண்டும் என்று பேசிவந்தார். 2025-ல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் தேசிய அமைப்புகளின் செயற்குழுக்களில் வீரர்களுக்கு இடம் கட்டாயம் என்று சொன்னபோது அவர் அடைந்த மகிழ்ச்சியை நேரில் பார்த்தேன்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

அரசு வேலையில் இருக்கும் வீரர் யாராவது தேர்தலைப் பற்றி யோசித்தால், 20 வருடக் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். முடிந்த பிறகு வெளியே வந்து, குறைந்தது ஓர் உள்ளாட்சித் தேர்தல் காலமாவது கட்சியில் கீழ்மட்ட வேலை பார்த்துவிட்டு சீட் கேட்கலாம். 20 வருடம் வரை காத்திருக்க முடியாது என்றால் இன்னும் சீக்கிரமே விட்டுவிடுவது மேல். அக்காவுக்கு நடந்தது இரண்டுங்கெட்டான் நேரம்: ஓய்வூதியமும் இல்லை, கட்சி அனுபவமும் இல்லை.

அகாடமியை வேட்புமனுவுக்கு முன்பே கைமாற்றியிருந்தால் துண்டறிக்கை வந்திருக்காது, பிள்ளைகளுக்கு வேறு இடம் பார்க்க நேரமும் இருந்திருக்கும். விடுவிப்பு உத்தரவு, குடியிருப்புப் பாக்கியின்மைச் சான்று இரண்டுக்கும் தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது. திறந்த வேன் ஊர்வலத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, அந்த நேரத்தில் ஏஜெண்டுகள் பட்டியலைத் தினமும் மாலை சரிபார்ப்பேன். இரண்டாவது தேர்தலில் அதைத்தான் செய்தோம்.

கட்சிகளும் ஒன்று செய்யலாம். வீரரை அழைப்பதாக இருந்தால் இரண்டு மாதம் முன்னால் அழைக்காதீர்கள், இரண்டு வருடம் முன்னால் அழையுங்கள். அக்கா இதைத் தன் கட்சித் தலைமைக்கு எழுத்து மூலமாகவே கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.